மிச்சமும் பொட்டலமும்: நாய்ச்சோற்றின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ராத்திரி அடுக்களையை ஒதுங்கவைக்கும்போது கேட்கப்படும் கடைசிக் கேள்வி, ‘நாய்க்கு ஏதும் கெடக்கா?’ என்பது. ‘நாய்க்கு என்ன ஆக்கியிருக்கு?’ என்று யாரும் கேட்பதில்லை. மனிதருக்குச் சோறு ஆக்கப்படுகிறது. நாய்க்கு அது கிடக்கிறது. சட்டியில் ஒட்டியது, இலையில் எஞ்சியது, ஊசிப்போகத் தொடங்கியது. நல்ல நாய்த்தீனி எது, கட்டுப்படியாகிற விலையில் எதை வாங்குவது என்று இன்றைக்குப் பாளையங்கோட்டைக் கடைகளில் விசாரிக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு இந்த ‘கெடக்கா’வின் வரலாறு தேவையற்றதாகத் தோன்றலாம். தேவை என்பதே என் வாதம். ஏனென்றால் பொட்டலம் வந்த பிறகும் அந்தச் சொல் போய்விடவில்லை. வேறு ஆட்கள் மேல் நகர்ந்திருக்கிறது.

முதலில் பந்தி வரிசை. பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, காரும் பிசானமுமாக இரண்டு போகம் விளைந்த தாமிரபரணிக் கரையின் நஞ்சை ஊர்களில், சோற்றுப் பானையைச் சுற்றி உயிர்களுக்கு ஒரு படிவரிசை இருந்தது. முதல் கவளம் காக்கைக்கு, காக்கை முன்னோர். கழுநீரும் வடிகஞ்சியும் மாட்டுக்கு, மாடு லட்சுமி. எல்லோரும் கைகழுவிய பிறகு நாய்க்கு. காக்கைக்கு வைக்கும் சோற்றில் எச்சில் படக்கூடாது. நாய்க்குப் போடும் சோற்றில் எச்சில் படாமலிருந்தால்தான் ஆச்சரியம். வீட்டைக் காக்கும் பிராணிக்கு வீட்டுக்குள் இடமில்லை, வீட்டைக் காக்காத பறவைக்கு முதல் மரியாதை என்பதை நாம் இயல்பான ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

இது வெறும் வீட்டு வழக்கமில்லை, எழுதிவைக்கப்பட்ட பிரதியும்கூட. மநுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் (92ஆம் சுலோகம்) இல்லறத்தான் அன்றாடம் தரையில் இடவேண்டிய உணவு யார்யாருக்கு என்று பட்டியல் போடுகிறது: நாய்கள், சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்கள், சுவபாகர்கள், பாவத்தால் நோய் கொண்டவர்கள், காக்கைகள், புழுக்கள். சுவபாகர் என்றால் நாயைச் சமைப்பவர். இவர்களும் சண்டாளரும் ஊருக்கு வெளியே குடியிருக்கவேண்டும், உடைந்த கலத்தில் உண்ணவேண்டும், நாயும் கழுதையுமே இவர்கள் சொத்து என்று பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. நாயும் மனிதனும் ஒரே பந்தியில், ஒரே தரையில். சோற்றைத் தரையில் வைப்பதன் மூலம் அதை வாங்குகிறவனின் இடம் தீர்மானிக்கப்படுகிறது. தானம் என்ற சொல்லாடலுக்குள் தீண்டாமை இப்படித்தான் புழங்குகிறது.

வெள்ளைக்காரன் வந்தான். தெருவில் எச்சிலைக்கு அலைந்த நாட்டுநாய்க்கு அவன் வைத்த பெயர் ‘பரையா டாக்’. பறையர் என்ற சாதிப்பெயர் ஆங்கிலத்தில் ‘தள்ளிவைக்கப்பட்டவர்’ என்ற பொதுச்சொல்லாகி, அங்கிருந்து நாய்க்கு ஒட்டிக்கொண்டது. அகராதிக்காரர்களும் விலங்கியல்காரர்களும் அதைக் கூசாமல் எழுதிவந்தார்கள். எஞ்சியதைத் தின்னும்படி விதிக்கப்பட்ட மனிதரின் பெயரை எஞ்சியதைத் தின்னும் நாய்க்கு வைத்ததில், மநுவின் பந்தியை ஆங்கிலம் தன் மொழியில் இன்னொருமுறை விரித்ததென்றே சொல்லவேண்டும். இப்போது நாய் ஆர்வலர்கள் சிலர் ‘இன்டாக்’ என்கிறார்கள். நல்லதுதான்.

தமிழ்ப் பிரதிகளில் எதிர்க்குரலே இல்லையா? எனக்கு உடனே நினைவுக்கு வருவது சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டும்போது முதலில் காட்டுவது மனிதரை இல்லை, ஈன்ற நாயை. இன்னும் கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையைப் பற்றி இழுக்க, அந்த வேதனை தாங்காமல் தாய்நாய் குரைக்கிறது. அதற்குப் பிறகுதான் உப்பில்லாமல் வேகவைத்த குப்பைக்கீரை வருகிறது. அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு உறவோடு சேர்ந்து உண்பது வருகிறது. நாயின் பசிதான் அங்கே வீட்டின் பசிக்கு அளவுகோல். நாய் கிடப்பது அடுப்படியில், வாசலில் இல்லை. வறுமையை எழுதிய வரிகள் என்றே இவற்றைப் பாடம் நடத்துகிறோம். நாய் இல்லாமல் அந்த வறுமையை அவரால் எழுதியிருக்க முடியாது என்பதைச் சொல்ல விட்டுவிடுகிறோம். பின்னால் பக்தி வருகிறது. ‘நாயேன்’ என்று அடியார் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் மொழி வருகிறது. அந்த நாய் உருவகம். அதற்குச் சோறு வேண்டாம்.

ஆற்றங்கரையை விட்டு வடக்கே ஏறினால் நிலம் கறுக்கிறது. தூத்துக்குடி 1986இல் பிரிந்துபோகும்வரை கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் எல்லாம் திருநெல்வேலி மாவட்டந்தான். இன்று விருதுநகர் மாவட்டத்திலிருக்கும் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் அதன் விளிம்பை ஒட்டியவை. இந்த மானாவாரிக் காட்டில்தான் முயல் விரட்டும் ஒல்லி நாய்கள், சிப்பிப்பாறையும் கன்னியும், உருவாயின. இங்கே நெல்லுச்சோறு பண்டிகைக்கு. அன்றாடம் கம்பும் சோளமும் கேழ்வரகும். நாய்க்கும் அதுதான். குட்டிக்குப் பால், பிறகு கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுக் கூழ், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கறி என்பது கன்னி வளர்ப்பவர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. கன்னியை விலைக்கு விற்பதில்லை, மணப்பெண்ணோடு சீராக அனுப்புவார்கள் என்றும் சொல்வார்கள். பெருமைப் பேச்சு கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் ஒன்று மெய்: இந்த நாய்களுக்குச் சோறு கிடக்கவில்லை, காய்ச்சப்பட்டது. கேள்வி யார் காய்ச்சினார்கள் என்பது. வேட்டைநாயின் பெயர் ஜமீன் பெருமையிலும் சாதிப் பெருமையிலும் ஏறுகிறது. விடியலில் கம்பு இடித்துக் கூழ் துழாவிய பெண்ணின் பெயர் எந்த நாய் வரலாற்றிலும் இல்லை.

அந்தக் கூழைக் குறைத்துப் பேசுவது இன்று விற்பனை உத்தி ஆகிவிட்டது. நாய் ஓநாயின் வாரிசு, தானியம் அதன் உடம்புக்கு ஆகாது என்கிறார்கள். 2013இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 படிகள்; நாயிடம் 4இலிருந்து 30 வரை. மனிதனோடு சேர்ந்து உழவுக்கு வந்த பிராணி, மனிதனின் கஞ்சியைத் தின்றே தன் உடம்பை மாற்றிக்கொண்டிருக்கிறது. கம்பங்கூழில் குறை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கூழ் மட்டும் போட்டால் புரதம் போதாது. சுண்ணாம்புச்சத்து போதாமல் குட்டிகளுக்குக் கால் வளையும். அந்தக் குறையை நிரப்பியது வேட்டை. முயலின் தலையும் குடலும் நாயின் கூலி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலை உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்று ஒரு சந்து இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் அடைத்தது. சட்டம் சரியானது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நாயின் கூலி அதோடு நின்றது, கூழ் மட்டும் மிஞ்சியது. வேட்டை போன நாய் கௌரவப் பொருளானது. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. அதே ஒல்லி நாய் தலித் இளைஞன் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் (2018) கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் காட்டியது. நாய் அவர்கள் சொத்தாக இருக்கட்டும் என்ற மநு, அது நல்ல நாயாக இருக்கலாம் என்று சொல்லவில்லை.

இனி பொட்டலம். 1860வாக்கில் லண்டனுக்கு ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க வந்தார். துறைமுகத்தில் கப்பல் பிஸ்கட்டுக்கு நாய்கள் மொய்ப்பதைப் பார்த்தார் என்பது கதை. கோதுமை, பீட்ரூட், மாட்டிறைச்சிச் சத்து சேர்த்து நாய் பிஸ்கட் செய்தார். இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை ரகசியமாக வைத்துக்கொண்டார். வாங்கியவர்கள் இங்கிலாந்தின் கனவான்கள். அவர் கம்பெனியில் வேலைபார்த்த சார்லஸ் கிரஃப்ட்தான் பின்னால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். தீனி விற்பதும் சாதிநாய் என்ற கருத்தை விற்பதும் ஒரே கடையில் பிறந்தன. 1870களில் ஸ்ப்ராட் கம்பெனி அமெரிக்காவுக்கும் பரவியது. அதே 1870களில்தான் தாதுவருஷப் பஞ்சம். 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்து நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதோடு சில்லறையும் போதும் என்று குறைத்தார். சுமார் 450 கிராம். ஏகாதிபத்தியத்தின் அடுக்களையில் யாருக்கு ஆக்கப்பட்டது, யாருக்குக் கிடந்தது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டியதில்லை.

பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் புரத விழுக்காட்டை நம்பலாமா? 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. வழக்கமான சோதனை புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறது. மெலமைனில் நைட்ரஜன் நிறைய. அடுத்த ஆண்டு அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன, 6 செத்தன. நாயின் தட்டில் நடந்ததை நாய்ச் சமாசாரம் என்று ஒதுக்கியதற்கு வந்த கூலி அது.

அப்படியானால் என்னதான் வாங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு: உறையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்கள் எடை வரிசையில் இருக்கும். முதலில் நிற்பது எது என்று பாருங்கள். ‘முழு உணவு’ என்றிருக்கிறதா, ‘துணை உணவு’ என்றா என்று பாருங்கள். அமெரிக்க அளவுகோல், உலர் எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடு புரதம், குட்டிக்கு 22.5 என்கிறது. உலர் எடை என்பது முக்கியம். குழம்போடு வரும் ஈரத்தீனியில் 100 கிராமுக்கு 80 கிராம் தண்ணீர் இருக்கலாம். தண்ணீருக்கு யாராவது அந்த விலை கொடுப்பார்களா? கொடுக்கிறோம். உலர்தீனியில் அந்த மோசம் இல்லை. கிலோ விலையைப் பார்க்காமல் ஒரு நாள் தீனிக்கு என்ன ஆகிறது என்று கணக்கிட்டால் நடுத்தர விலைச் சரக்கு பலவேளை மலிவுச் சரக்கைவிடக் கட்டுப்படியாகும்.

கரிசல் சட்டிக்கும் கணக்கு இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள நாட்டுநாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி. 200 கிராம் கம்பு, இரண்டு முட்டை, 120 கிராம் போல வேகவைத்த கோழிச் சில்லறை: கல்லீரல் கொஞ்சம், இரைப்பை, இதயம். கலோரியும் வரும், புரதமும் வரும். சுண்ணாம்புக்கு முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக்கி அரைக்கரண்டி. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். கல்யாண வீட்டு பிரியாணியை வாரிக்கொண்டுவந்து கொட்டுவது புண்ணியம் இல்லை. குட்டிக்கும் சினைநாய்க்கும் இந்தக் கணக்கு செல்லாது. ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

இந்தக் கம்பும் கசக்கிறது என்கிறவர்களிடம் வேறொரு தீர்வு தயாராக இருக்கிறது: ‘ரேஷன் அரிசியை வடிச்சுப் போட்ருதோம்.’ தமிழ்நாட்டில் அந்த அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் வருகிறது. அதைத் தின்று பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. அவர்கள் காதுபட ‘அது நாய்தான் திங்கும்’ என்று சொல்கிற நாக்கு, நாயை இழிவுபடுத்துவதாக நான் நினைக்கவில்லை. பந்தி வரிசை அப்படியே இருக்கிறது. நாய் மட்டும் ஒரு படி ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது. தெருவில் நின்ற நாய் எங்கே தின்னலாம் என்பதையும் 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்மானித்தது: வார்டுக்கு வார்டு குறித்த இடத்தில் போடு, தெருவில் போடாதே.

கோழிச் சில்லறையைச் சொன்னேன். பிராய்லர் கடைகள் ஊருக்கு ஊர் வந்த பிறகு கழுத்தும் காலும் ஈரலும் இரைப்பையும் தனித்தட்டில் குவிந்தன. நாய் வளர்ப்பவர் அங்கே நிற்கிறார். பக்கத்தில், கால்கிலோ ஈரலும் ரெண்டு கழுத்தும் வீட்டுக் குழம்புக்கு வாங்க ஒரு அம்மாவும் நிற்கிறாள். கடைக்காரர் கேட்கிறார், ‘யக்கா, வீட்டுக்கா, நாய்க்கா?’