உழவர் தலைமைப் பயிற்சி: காஞ்சிபுரம் ஏரிப்பாசன வட்டாரம்

உழவர் தலைமைப் பயிற்சி சாகுபடி நுட்பத்தோடு நின்றுவிடுவதில்லை. கூட்டம் நடத்துவது, வரவு செலவு எழுதுவது, வியாபாரியிடம் விலை பேசுவது, ஊர்க் கோரிக்கையை அதிகாரியிடம் எடுத்துச் சொல்வது, தண்ணீர்த் தகராறைத் தீர்ப்பது ஆகியவற்றையும் அது வளர்ந்துவரும் உழவர்களுக்குக் கற்றுத் தருகிறது. கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக அமர்த்திச் சொல்லித்தரும் முறையும் உண்டு. பண்ணையை நடத்துவது குடும்பம் என்பதால், ஒருவரை மட்டும் அழைத்தால் பயிற்சி பாதியில் நின்றுவிடும்.

இந்த வட்டாரத்தில் தலைமை எப்படி வளர்ந்தது என்பதற்குத் தாமல் ஓர் எடுத்துக்காட்டு. அது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள ஊர். தொண்டை மண்டலத்தின் பழைய 24 கோட்டங்களில் ஒன்று இதன் பெயரால் வழங்கியது. மாவட்டத்தின் பெரிய ஏரிகளைச் சொல்லும்போது தென்னேரி, உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளோடு தாமல் ஏரியின் பெயரும் வரும். 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் தனியே பிரிந்தபோது, பொதுப்பணித்துறையின் 909 ஏரிகளில் 381 காஞ்சிபுரத்தோடு நின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் வைக்கும் பகுதி இது. எந்தப் பட்டத்தை எத்தனை ஏக்கரில் வைப்பது என்பதை ஏரியில் நிற்கும் தண்ணீர்தான் தீர்மானிக்கும். ஆகவே இங்கே தலைமை பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியே வளர்ந்தது. மதகை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் போய்ச் சேரும், வரத்துக்கால்வாய் தூர்வார வீட்டுக்கு எத்தனை ஆள், தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் எவ்வளவு நெல் என்று ஆயக்கட்டுக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சை நடத்தத் தெரிந்தவரைத்தான் ஊர் தலைவராக ஏற்றுக்கொண்டது.

இதற்கான ஆயிரம் ஆண்டுச் சான்று உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்து (வார்டுகளிலிருந்து) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், பதவிக்காலம் 360 நாள். வேட்பாளருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இன்றைய உழவர் குழுத் தலைவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இந்தக் கடைசி விதிதான். ஆனால் அந்தச் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. உழுதவருக்கும் நாற்று நட்ட பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இந்தப் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் குறையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உழவரைத் தலைமைக்குத் தயார்செய்யும் நவீனப் பள்ளிகளுக்கு டென்மார்க் முன்னோடி. அந்நாட்டு மதகுரு குருண்ட்விக்கின் சிந்தனையில் பிறந்த முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. தேர்வும் பட்டமும் கிடையாது. வேலை குறைந்த பனிக்காலத்தில் இளைஞர்களும், கோடையில் இளம்பெண்களும் தங்கிப் படித்தார்கள். அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து விலை சரிந்தபோது, டேனிய உழவர்கள் வெண்ணெய்க்கு மாறிக் கூட்டுறவுப் பால்பண்ணைகளை எழுப்பினார்கள். முதல் பண்ணை 1882இல் மேற்கு ஜட்லாந்தில் உருவானது. அந்தப் பண்ணைகளை நடத்தியவர்களில் பலர் இப்பள்ளிகளில் படித்தவர்கள். கணவன் மனைவியைச் சேர்த்து அழைக்கும் முறைக்கு அமெரிக்க சோயாபீன்ஸ் சங்கம் 1984 முதல் நடத்திவரும் இளம் தலைவர் பயிற்சி ஓர் எடுத்துக்காட்டு.

டென்மார்க்கின் கை தமிழ்நாடு வரை நீண்டது. அந்நாட்டின் டானிடா நிறுவன உதவியோடு 1986இல் தொடங்கிய பண்ணை மகளிர் திட்டத்தை 'தான்வா' என்றே வேளாண் துறையில் அழைத்தார்கள். பெண் வேளாண் அலுவலர்கள் ஊருக்கே போய்ச் சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் பத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தத் திட்டத்தின் உயிர் அந்தப் பத்துப் பேரில்தான் இருந்தது. அதுவரை பிறர் சொல்லக் கேட்டே பழகிய பெண், முதல்முறையாகப் பத்துப் பேர் முன்னால் நின்று பேசினார்.

விதைநெல் தேர்வை எடுத்துக்கொள்வோம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரைந்தபோது முட்டை மேலெழும்பி, அதன் ஓட்டில் பழைய நாலணா அளவு வெளியே தெரியும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினால் சாவியும் பதரும் மிதக்கும். அவற்றை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி முளைகட்ட வேண்டும். அடுப்படிச் சாமான்களே போதும், எழுதப்படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பலன் கண்முன்னே தெரியும். இப்படி ஒன்றைச் செய்துகாட்டிய பெண்ணின் பேச்சுக்கு மறுநாள் முதல் ஊரில் மதிப்புக் கூடும். தலைமையைத் தனிப் பாடமாக நடத்துவதைவிட இது நல்ல வழி.

கணவனும் மனைவியும் சேர்ந்து கற்க வேண்டியதன் காரணத்தைத் திருந்திய நெல் சாகுபடி நன்றாகக் காட்டியது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர். பயிற்சிக்குப் போய்வந்த கணவர் இதைச் சொன்னால் போதாது, நடுவது பெண்கள். 'இத்தனூண்டு நாற்றை ஒண்ணொண்ணா நட்டா வயல் மொட்டையாத்தானே கெடக்கும்' என்று நடவாட்கள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர், அவர்களோடு வரப்பில் நிற்கும் வீட்டுக்காரம்மா. களையெடுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கைக்களை பெண்களின் கூலிவேலை. கோனோவீடர் என்ற களைக்கருவி வந்ததும் பல இடங்களில் அந்த வேலை ஆண்களின் கைக்குப் போனது. யாருடைய கூலி போகிறது, அதற்கு மாற்று என்ன என்பதைக் குடும்பத்தில் இருவரும் முன்கூட்டியே பேசியிருந்தால்தான் ஊரோடு மனக்கசப்பு வராது.

பயிற்சி கொடுக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. இந்த வட்டாரத்துக்கு நெருக்கமானது காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம். அது கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பாசன நிர்வாகத்துக்கென்றே 1984இல் திருச்சி துவாக்குடியில் நீர் மேலாண்மைப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. வட்டார அளவில் அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டம் பயிற்சி, பட்டறிவுப் பயணம், பண்ணைப்பள்ளி ஆகியவற்றை நடத்துகிறது. அதன் நிதியில் 30 விழுக்காடு பெண் உழவர்களுக்குச் செல்ல வேண்டும் என்பது வழிகாட்டு நெறி.

தலைமைக்கு உண்மையான சோதனை வந்தது 2017–18இல், தமிழ்நாடு அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தோடு. 20 உழவர் சேர்ந்து ஓர் ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழு சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதற்குப் பண்ணைக் கருவி வாங்க ரூ. 5 லட்சம். பணம் கையில் வந்ததுமே தலைவருக்குக் கேள்விகள் தொடங்கும். பவர் டில்லரா, நடவு இயந்திரமா? நடவு நெருக்கும் வாரத்தில் முதலில் யார் வயலுக்கு? வாடகையை வசூலிப்பது யார், டீசலுக்கு யார் கணக்கு எழுதுவது? உறவுக்காரருக்கு முதலில் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் கூட்டத்துக்கு ஆள் வராது. மகளிர் சுய உதவிக்குழுவில் ஆண்டுக்கணக்கில் தீர்மானப் புத்தகமும் பாஸ்புக்கும் கையாண்ட பெண்கள் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கணக்கு வைப்பதில் அவர்களுக்குள்ள பழக்கம் கணவர்மார்களுக்கு இல்லை. அவர்களை விட்டுவிட்டு நெல் குழுவுக்குப் பொருளாளர் தேடுவது வீண்வேலை.

தடைகள் தெரிந்தவைதான். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். இந்திய அளவில் பெண்கள் கையிலுள்ள கைப்பற்றுகள் சுமார் 14 விழுக்காடு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989லேயே வந்தும் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில்தான். பாசனச் சங்க உறுப்பினர் உரிமையும் நில உரிமையைத் தொட்டே நிற்கிறது. இதனால் பயிற்சிக்கு அழைப்பும் பட்டாதாரருக்கே போகிறது. இன்னொரு பக்கம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்கள் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். கணவர் ஷிப்டில் இருக்கும் வீட்டில் நெல்லைப் பார்ப்பது மனைவி. ஆனால் கொள்முதல் நிலையத்திலும் வங்கியிலும் கேட்கப்படுவது கணவரின் கையெழுத்து. பகலில், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில், ஊருக்குள்ளேயே பயிற்சி வைத்தால் பெண்கள் வருவார்கள். வெளியூரில் மூன்று நாள் என்றால் வரமாட்டார்கள். 'தான்வா' இதைச் சரியாகக் கண்டுகொண்டது. பிறகு வந்த பல திட்டங்கள் இதை மறந்துவிட்டன என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கான சட்டம் 2002இல் வந்தது. குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்து பதிவு செய்யலாம்; இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். அச்சட்டத்தில் 'உற்பத்தியாளர்' என்பதற்கு அளவுகோல் செய்யும் தொழில், பட்டா கேட்கப்படவில்லை. ஆகவே வயலில் வேலை செய்யும் மனைவி தன் பெயரிலேயே பங்கு வாங்கலாம், வாக்களிக்கலாம், இயக்குநராகவும் நிற்கலாம். உங்கள் ஊரில் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினால், அல்லது ஏற்கெனவே இருந்தால், இரண்டு விண்ணப்பமாக வாங்கிக்கொள்ளுங்கள்.