ஏடிவி பைக்கை ரோட்டில் ஓட்டலாமா? ஆர்.சி. கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன? - முழு விவரம்

நான்கு பருத்த டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், மணல், சேறு, பாறை எதுவானாலும் ஏறிப்போகும் வண்டி. மலைப் பகுதி ரிசார்ட்டுகளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள சாகசப் பூங்காக்களிலும் பலரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அதுதான் ஏடிவி எனப்படும் குவாட் பைக். இப்போது இதை ஆன்லைனிலேயே வாங்க முடிகிறது. வாங்கிய பிறகுதான் பலருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: "இதுக்கு ஆர்.சி. போட முடியுமா? லைட், கண்ணாடி எல்லாம் மாட்டினா ரோட்ல ஓட்டலாமா?"

சுருக்கமான பதில்: இந்தியாவில் ஆஃப்-ரோடு வண்டியாக விற்கப்பட்ட குவாட் பைக்கை, வாங்கியவர் பாகங்களைப் பொருத்திச் சாலை வண்டியாக மாற்றிவிட முடியாது. ஆனால் சாலைக்கு அனுமதி பெற்றே வந்த ஒரு மாடலும் உண்டு. முழு விவரத்தைப் பார்ப்போம்.

எல்லாம் ஆர்.சி.யில்தான் தொடங்குகிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 39-வது பிரிவின்படி, பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. வண்டியின் உரிமையாளர் அதற்கு அனுமதிக்கவும் கூடாது.

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது முக்கியமாக மூன்று படிவங்கள் வேண்டும்.

- படிவம் 20: பதிவுக்கான விண்ணப்பம்
- படிவம் 21: டீலர் தரும் விற்பனைச் சான்று
- படிவம் 22: தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று

இதில் சிக்கல் படிவம் 22-ல்தான். "இந்த வண்டி புகை, சத்தம், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது" என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லும் தாள் இது. அதைக் கொடுக்க வேண்டுமென்றால், அந்த மாடல் முன்பே சோதனையில் தேறியிருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 126-வது விதி சொல்வது இதைத்தான். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்களில் இந்தச் சோதனை நடக்கிறது.

சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஏடிவிகள் இந்தச் சோதனைக்குப் போனதே இல்லை. ஆஃப்-ரோடு உபயோகத்துக்கு மட்டும் என்று சொல்லியே விற்கப்படுகின்றன. ஆகவே படிவம் 22 இல்லை. அது இல்லாததால் ஆர்.சி. இல்லை. ஆர்.சி. இல்லாததால் நம்பர் பிளேட்டும் இல்லை, முறையான இன்சூரன்ஸும் இல்லை.

லைட், ஹாரன், கண்ணாடி மாட்டினால்?

"ரோடு லீகல் கிட்" என்ற பெயரில் இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட் ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். யூடியூப் வீடியோக்களும் ஏராளம். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் எடுக்கப்பட்டவை.

பிரிட்டனில் ஒரு தனி வண்டியை அரசு சோதனை மையத்துக்குக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கும் முறை இருக்கிறது. தேறினால் பதிவு செய்து, வரி கட்டி, இன்சூரன்ஸ் எடுத்து ஓட்டலாம். 17 வயதும் கார் லைசென்ஸும் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. யூட்டா, அரிசோனா மாநிலங்களில் தேவையான பாகங்களைப் பொருத்திப் பதிவு செய்து சாலையில் ஓட்ட வழி உண்டு. அதே நாட்டில் கலிபோர்னியாவில் வழி இல்லை.

இந்தியாவில் ஒப்புதல் கிடைப்பது மாடலுக்கு. சோதனைக்குப் போவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி நிறுவனத்தின் வேலை. நூற்றுக்கணக்கில் விற்கப்போகும் கம்பெனிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். வீட்டில் ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அது நடைமுறையில் சாத்தியமில்லை.

அதோடு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு, 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

"50 சிசி தானே, லைசென்ஸ் வேண்டாம்" - உண்மையா?

இல்லை. சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது 25 சிசி-க்கு மேற்படாத இன்ஜினும், நான்குக்கும் குறைவான சக்கரமும் உள்ள வண்டிக்கு. குவாட் பைக்குக்கு நான்கு சக்கரம். எத்தனை சின்ன இன்ஜினாக இருந்தாலும் அந்த விலக்கில் வராது.

எலெக்ட்ரிக் ஏடிவிக்கும் இதே குழப்பம் இருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த திறன், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம், இவற்றுக்குச் சோதனை மையத்தின் சான்று என எல்லாம் இருந்தால்தான் பேட்டரி வண்டிக்கான விலக்கைப் பற்றியே பேச முடியும். குழந்தைகளுக்கென்று விற்கப்படும் பல எலெக்ட்ரிக் ஏடிவிகளின் மோட்டாரே இந்த அளவைத் தாண்டியது.

குவாட்ரிசைக்கிள் என்று பதிவு செய்யலாமே?

2018 நவம்பரில் குவாட்ரிசைக்கிள்களைத் தனிநபர் பயன்பாட்டுக்கும் மத்திய அரசு அனுமதித்தது. அந்த வகைக்குத் தெரிந்த உதாரணம் பஜாஜ் க்யூட். கூரை, கதவு, ஸ்டீயரிங் எல்லாம் உள்ள குட்டி வண்டி அது. அந்த வகைக்கென்று தனிப் பாதுகாப்பு விதிகளும் சோதனைகளும் இருக்கின்றன. நான்கு சக்கரம் இருப்பதால் மட்டும் ஏடிவி அந்தப் பிரிவில் சேர்ந்துவிடாது.

அப்படியென்றால் வழியே இல்லையா?

ஒரு வழி உண்டு. சாலைக்கு ஒப்புதல் வாங்கியே வந்த மாடலைத் தேடுவது. சில ஆண்டுகளுக்கு முன் போலாரிஸ் நிறுவனம் ஸ்போர்ட்ஸ்மேன் 570 ஏடிவியை, டிராக்டர் என்ற வகையில் ஒப்புதல் பெற்று இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 567 சிசி இன்ஜின். அறிமுக விலை சுமார் 8 லட்சம் ரூபாய்.

டிராக்டர் என்று பதிவாவதால் சில விஷயங்கள் மாறும்.

- 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், சட்டப்படி இலகு ரக மோட்டார் வாகனம். ஆகவே எல்.எம்.வி. லைசென்ஸ் வேண்டும். பைக் லைசென்ஸ் போதாது.
- எல்லா நெடுஞ்சாலைகளிலும் ஓட்ட முடியாது. உதாரணமாக, பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது.
- இன்சூரன்ஸ் பாலிசியில் என்ன உபயோகம் என்று எழுதியிருக்கிறதோ, அந்த உபயோகத்துக்குத்தான் ஓட்ட வேண்டும்.

மாட்டினால் என்ன ஆகும்?

- பதிவில்லாத வண்டியை ஓட்டினால்: முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
- இன்சூரன்ஸ் இல்லையென்றால்: முதல் முறை 2,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய்.
- லைசென்ஸ் இல்லையென்றால்: 5,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
- 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் குற்றம் செய்தால்: பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.
- 207-வது பிரிவின்படி போலீஸார் வண்டியைப் பறிமுதல் செய்யலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அபராதப் பட்டியலில் இல்லை. ரோட்டில் ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பைக் என்றால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இழப்பீட்டைக் கொடுக்கும். இன்சூரன்ஸே இல்லாத ஏடிவி என்றால், தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் முழுத் தொகையும் உங்கள் தலையில்தான் விழும். உயிரிழப்பு என்றால் அது லட்சங்களைத் தாண்டலாம். "நான் ஓட்டலை, ஃப்ரெண்டுதான் ஓட்டினான்" என்று சொல்லியும் உரிமையாளர் தப்பிப்பது கஷ்டம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

வண்டியின் அமைப்பே தார் ரோட்டுக்கு ஏற்றதில்லை. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். அதற்காக டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு இருக்கிறது. பல ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே ராடில் பூட்டப்பட்டிருக்கும். மணலில் ஒரு சக்கரம் வழுக்கிக்கொடுத்துச் சமாளிக்கும். தார் ரோட்டில் டயர் இறுகப் பிடிப்பதால் வண்டி திரும்ப மறுத்து நேராக இழுக்கும். வேகத்தில் வெடுக்கென்று ஹேண்டிலைத் திருப்பினால் கவிழவும் வாய்ப்புண்டு.

டயரும் அப்படித்தான். கார் டயரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று இருக்கும். பல ஏடிவி டயர்களில் 3 முதல் 7 வரைதான். அதனால்தான் "தார் ரோட்டில் ஓட்டாதீர்கள்" என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

எங்கே ஓட்டலாம்?

வேலி போட்ட சொந்தத் தோட்டம், எஸ்டேட், அனுமதி பெற்ற தனியார் டிராக் ஆகிய இடங்களில் ஓட்டலாம். பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம்தான். கிராமத்து மண் ரோடு, கடற்கரை எல்லாம் இதில் அடங்கும். கடற்கரையில் போலீஸார் ரோந்துக்கு ஏடிவி ஓட்டுகிறார்களே என்று நாமும் இறக்கிவிட முடியாது.

இரண்டு தோட்டத்துக்கு நடுவில் ரோடு குறுக்கிட்டால்? குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. எங்கே ஓட்டினாலும் ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள். ஒருவருக்கான சீட்டில் இன்னொருவரை ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்கான வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. "படிவம் 22 தருவீங்களா?" என்று முதலில் கேளுங்கள். தயங்கினால் அது ரோட்டு வண்டி கிடையாது.
2. அந்த மாடல், எந்த வகை வாகனமாக ஒப்புதல் பெற்றது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
3. முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த மாடலைப் பதிவு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.
4. பழைய வண்டி என்றால், பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு, வாகன வகையும் சேஸிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறு பைக்கின் நம்பரை மாட்டி விற்பது மோசடி. வாங்கி ஓட்டுபவரும் வழக்கில் சிக்குவார்.
5. "நாங்க ஆர்.சி. எடுத்துத் தர்றோம், கவலைப்படாதீங்க" என்பவரிடம், ஆர்.சி. கைக்கு வந்த பிறகு மீதிப் பணம் என்று சொல்லிப் பாருங்கள். பதிலில் விஷயம் புரிந்துவிடும்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள், பேப்பர் எதுவும் இல்லை என்றால், கிட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். தனியார் நிலத்தில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தோட்டமோ டிராக்கோ வைத்திருப்பவருக்கு, "ரோட்டுக்கு ஆகாது" என்பதைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.