நம் தொட்டியில் பிறந்த ஒற்றைவால் குஞ்சுகள்

வாசலில் உள்ள சிமெண்ட் தொட்டியில் தங்கமீன்கள் குஞ்சு பொரித்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரட்டைவால் ஜோடிக்குப் பிறந்தவற்றில் சிலவற்றுக்கு ஒற்றைவால்தான். இரண்டு குஞ்சுகள் பொன்னிறம் ஆகாமல் இன்னும் பாசி நிறத்திலேயே இருக்கின்றன. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். "கொள்ளிடத்தில் விட்டுவிடலாம்" என்றார் இன்னொருவர்.

கடைக்காரர் மேல் தவறில்லை. அந்த மீனின் பூர்வீகம் அப்படி.

தங்கமீனின் மூதாதை சீனாவில் சாப்பாட்டுக்குப் பிடிக்கப்பட்ட ஒரு கெண்டை வகை. பாசி நிறம், ஒற்றைவால். அபூர்வமாகப் பிறந்த பொன்னிற மீன்களைச் சோங் அரசர்கள் காலத்தில் (960–1279) தனிக் குளங்களில் வளர்த்தார்கள். மிங் காலத்தில் (1368–1644) அவை குளத்தை விட்டு வீட்டுத் தொட்டிகளுக்கு வந்தன. பெரிய திருப்பம் அதுதான். குளத்தில் மெதுவாக நீந்தும் மீனுக்கு இரை மிஞ்சாது. தொட்டியில் அதற்கும் கையால் சோறு கிடைக்கும். இரட்டைவால், குண்டு உடம்பு, பிதுங்கிய கண் எல்லாம் அப்படித்தான் பிழைத்தன. தொட்டியை மேலிருந்து பார்ப்பார்கள் என்பதால் விரிந்த வாலுக்குத் தனி மதிப்பு.

இரட்டைவாலுக்குக் காரணம் 'கார்டின்' என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் என்று 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தங்கமீனுக்கு இந்த மரபணு இரண்டு உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது உயிரைக் காக்கிறது. ஒற்றைவால் மீனோடு கலந்தால் முதல் தலைமுறையிலேயே இரட்டைவால் மறைந்துவிடும். கலப்பில்லாத ஜோடிக்கும் சில குஞ்சுகளில் வால் சரியாகப் பிரிவதில்லை. வண்ணமீனுக்குப் பெயர்போன சென்னை கொளத்தூரானாலும் சரி, ஜப்பானானாலும் சரி, வளர்ப்பவர்கள் இவற்றைச் சிறுசிலேயே கழித்துவிடுவதால் கடையில் நம் கண்ணில் படுவதில்லை. நிறமும் அப்படித்தான். எல்லாக் குஞ்சும் மங்கலாகத்தான் பிறக்கும், சில கடைசிவரை மாறாது.

ஆற்றில் விடும் யோசனை மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகரத்து ஏரியில் யாரோ விட்ட தங்கமீன்கள் ஃபுட்பால் அளவுக்கு வளர்ந்து சேற்றைக் கிளறின. இனி யாரும் விடாதீர்கள் என்று 2021-ல் அந்நகராட்சியே கேட்டுக்கொண்டது. கொள்ளிடத்துக்கு அதன் சொந்தக் கெண்டைகள் போதும்.

ஆனால் ஒற்றைவால் குஞ்சுகள் வேகமாக நீந்தி இரட்டைவால்களின் தீனியையும் தின்றுவிடுகின்றன. மொட்டைமாடியில் காலியாகக் கிடக்கும் தொட்டியைக் கழுவிக் கொடுத்தால் அவற்றை அங்கே மாற்றிவிடலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கொசுப்புழுவையும் அவை தின்னும்.