எ நைட் அட் தி ஒப்பேரா (திரைப்படம்)

எ நைட் அட் தி ஒப்பேரா (ஒப்பேராவில் ஓர் இரவு) 1935 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க இசை நகைச்சுவைத் திரைப்படமாகும். சாம் வுட் இயக்கிய இத்திரைப்படத்தை எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்டது. மார்க்ஸ் சகோதரர்களான குரூச்சோ, சிக்கோ, ஹார்ப்போ ஆகியோருடன் கிட்டி கார்லைல், ஆலன் ஜோன்ஸ், மார்கரெட் டுமோன்ட் முதலியோர் நடித்துள்ளனர்.

கதைச் சுருக்கம்

இத்தாலியின் மிலான் நகரில், ஒப்பேரா எனப்படும் மேற்கத்திய இசை நாடகத்தில் குழுப்பாடகனாக இருப்பவன் ரிக்கார்டோ. அவனும் பாடகி ரோசாவும் காதலர்கள். புகழ்பெற்ற பாடகன் லாஸ்பாரியும் ரோசாவை விரும்புகின்றான். செல்வம் மிக்க விதவையான திருமதி கிளேபூலின் பணத்தால் ரோசாவும் லாஸ்பாரியும் நியூயார்க் ஒப்பேராவில் ஒப்பந்தமாகின்றனர். ரிக்கார்டோ, அவனது நண்பன் பியோரெல்லோ (சிக்கோ), லாஸ்பாரியின் உதவியாளனாக இருந்த டொமாசோ (ஹார்ப்போ) மூவரும் கிளேபூலின் முகவரான டிரிப்ட்வுட்டின் (குரூச்சோ) பெட்டிக்குள் ஒளிந்து கப்பலேறுகின்றனர். நியூயார்க்கில், லாஸ்பாரியை ஏற்க மறுத்த ரோசா வேலையை இழக்கிறாள். இறுதியில் வெர்டியின் "இல் துரோவத்தோரே" அரங்கேறும் இரவில் நண்பர்கள் மேடையைக் குழப்பத்தில் ஆழ்த்தி, லாஸ்பாரியைக் கடத்துகின்றனர். அவ்வேளையில் பாடும் வாய்ப்பைப் பெறும் காதலர்கள் பெரும் பாராட்டைப் பெறுகின்றனர்.

தயாரிப்பு

பாரமவுண்ட் நிறுவனத்திலிருந்து விலகிய பின் மார்க்ஸ் சகோதரர்கள் நடித்த முதல் படம் இது. இவர்களுள் ஒருவரான செப்போ இதில் நடிக்கவில்லை. முந்தைய படமான "டக் சூப்" (1933) எதிர்பார்த்த வெற்றியைப் பெறாததால், இவர்களது திரைவாழ்வு இப்படத்தின் வெற்றியைப் பெரிதும் சார்ந்திருந்தது. நகைச்சுவை, கதைக்குத் துணைநிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க்கின் கருத்து. எனவே முன்பு கண்ணில் பட்டோரையெல்லாம் கேலி செய்த சகோதரர்கள், இதில் காதலர்களுக்கு உதவுபவர்களாகவும் ஆணவக்காரர்களை மட்டும் எதிர்ப்பவர்களாகவும் மாற்றப்பட்டனர். ஜார்ஜ் எஸ். காஃப்மன், மோரி ரிஸ்கிண்ட் ஆகியோர் திரைக்கதை எழுதினர். படப்பிடிப்புக்கு முன் முக்கியக் காட்சிகள் நாடக அரங்குகளில் நடித்துக் காட்டப்பட்டு, பார்வையாளரின் சிரிப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டன.

குறிப்பிடத்தக்க காட்சிகள்

சிறிய கப்பல் அறைக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து நிற்கும் காட்சி மிகவும் புகழ்பெற்றது. புரியாத ஒப்பந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தெறியும் காட்சியும் பலராலும் நினைவுகூரப்படுகிறது. கார்லைலும் ஜோன்சும் தம் சொந்தக் குரலிலேயே பாடினர். சிக்கோ பியானோவும் ஹார்ப்போ யாழ் வகையைச் சேர்ந்த ஹார்ப் கருவியும் வாசித்துள்ளனர்.

வரவேற்பு

படம் வணிக வெற்றி பெற்றது. 1993 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. குயீன் இசைக்குழு 1975 இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு இப்படத்தின் பெயரையே சூட்டியது.