பொய் – சொல்லும் வழக்கும்

பொய் என்பது உண்மைக்கு மாறான கூற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொல். ‘பொய் சொன்னான்’ எனப் பெயராகவும் ‘மழை பொய்த்தது’ என வினையாகவும் இது வழங்குகிறது. போலியானது, நிலையற்றது என்னும் பொருள்களும் இதற்கு உண்டு. மரப்பொந்து என்னும் பொருளையும் அகராதி தருகிறது. வெளியே முழு மரமாகத் தெரிந்து உள்ளே வெறுமையாக இருப்பது பொந்து. பொய்யான சொல்லும் அத்தகையதே.

மழையும் சொல்லும்

திருக்குறளின் ‘வான்சிறப்பு’ அதிகாரம், மழை பெய்யாது போவதைப் ‘பொய்ப்பின்’ என்ற சொல்லால் குறிக்கிறது. இதே சொல் குறுந்தொகை 25ஆம் பாடலிலும் வருகிறது. கபிலர் பாடிய அப்பாடலில், தன்னைக் களவில் மணந்தவன் சொல் தவறினால் என்ன செய்வது என்று தலைவி கலங்குகிறாள். அவர்கள் கூடிய வேளையில் அங்கே வேறு மனிதர் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது. வானுக்கும் காதலனுக்கும் ஒரே வினை பொருந்துவதற்குக் காரணம், நம்பியிருந்தவரை இரண்டுமே கைவிடுவதுதான்.

பழனி மலைச் சான்று

இன்று கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைப் பகுதி, சங்க காலத்தில் ஆவியர் குடித் தலைவர்களின் நாடாக இருந்தது. மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் இக்குடியினன். இவர்களது ஊரான பொதினியே இன்றைய பழனி என்பர்.

அகநானூற்றின் முதல் பாடலில், மாமூலனார் இந்தப் பொதினியைக் காட்டுகிறார். அங்கே சாணைக்கல் செய்யும் தொழிலாளி கல்லை அரக்குடன் சேர்த்து இறுக்குவான். அந்தப் பிணைப்பைப் போல நாம் பிரியமாட்டோம் என்று தலைவன் சொல்லியிருந்தான். பிறகு பொருள் தேடிப் பிரிந்தான். அவன் சென்ற வழியில் மரங்கள் உலர்ந்து, சுனைகள் நீரற்றுக் கிடக்கின்றன. தலைவி அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லை மறந்துவிட்டாரோ என்றுதான் தோழியிடம் கேட்கிறாள். பொய் என்று சொல்லிவிட்டால் காத்திருப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால் அவள் அச்சொல்லைத் தவிர்த்தாள் என்று கொள்ளலாம்.

வழக்கும் தண்டனையும்

களவுக் காதலில் ஆண் கொடுத்த வாக்கே பெண்ணுக்கு இருந்த ஒரே பிடிமானம். அது பொய்த்தால் அவள் வாழ்வே கேள்விக்குள்ளானது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்குகளை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. பலர் அறிய நடக்கும் மணத்தைப் பின்னர் மறுக்க இயலாது.

பொய்க்குத் தண்டனை தந்த நிகழ்வை அகநானூறு 256 குறிப்பிடுகிறது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலம் நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று சூளுரைத்தான். அவையினர் சாட்சிகளை விசாரித்து, அவன் கூற்று பொய் எனக் கண்டனர். அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் நீறு பெய்தனர். குறுந்தொகைத் தலைவிக்கு இல்லாத சாட்சி இப்பெண்ணுக்குக் கிடைத்தது.

இன்றைய வழக்கு

பேச்சில் பொய் என்பது இன்று பெரும்பாலும் சொல்லப்படும் தகவலையே குறிக்கிறது. ஆனால் ‘பருவமழை பொய்த்தது’, ‘கணிப்பு பொய்த்தது’ என எழுதும்போது பழைய வினை வழக்கு அப்படியே தொடர்கிறது. மாறாக, ‘பொய்யாமொழி’ என்பது திருக்குறளுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. என்றும் தவறாத சொல் என்பது அதன் பொருள்.