ஆட்டத்திற்கு முன் ஓர் அறை

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் (டேபிள்டாப் ரோல்பிளேயிங்) வரலாறு பெரும்பாலும் விதிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதனை இடத்தின் வரலாறாகவும் வாசிக்க முடியும்.

1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி தம் போர்விளையாட்டுக் குழுவுக்குப் புதியதோர் ஆட்டத்தை அறிமுகம் செய்தார். படைகளை நகர்த்துவதோடு நில்லாமல், ஒவ்வொருவரும் ஒரு நகரத்து மாந்தராக மாறிப் பேசவும் பேரம் பேசவும் வேண்டும். அடுத்த ஆண்டே அவர் இராணுவப் பணிக்குச் சென்றார். ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கலாம், முடியவில்லை. குழுவிலிருந்த டேவ் ஆர்னசன் பொறுப்பேற்றார்; தம் பெற்றோர் வீட்டு நிலவறையில் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நிலத்தை வளர்த்தார். 1972இன் இறுதியில் அதைக் கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். 1974இல் இருவர் பெயரிலும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 படிகள்.

ஆக, குழுவைத் தொடங்கி வைத்தது வாடகையற்ற ஓர் அறை; நிலைக்க வைத்தது பொறுப்பேற்க முன்வந்த இரண்டாவது ஆள். இவ்வாட்டத்திற்கு நாலைந்து பேர் மூன்று நான்கு மணி நேரம் இடையூறின்றி அமர வேண்டும். அதே ஆட்கள் மாதக்கணக்கில் திரும்பி வரவேண்டும். ஒருவர் வராவிடில் கதை தடுமாறும். நடத்துநர் சோர்ந்தால் குழுவே கலையும்.

இவ்விரு தேவைகளையும் மும்பைத் தமிழர் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம். 1896இன் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் மாதுங்காவைத் திட்டமிட்டு விரித்தது. அங்குள்ள அடுக்ககங்களில் குடியேறிய தென்னிந்திய எழுத்தர்களும் அலுவலர்களும் சங்கம் கூட இடம் பெற்றனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952இல் சண்முகானந்த சபையும் தோன்றின. 1990இல் சபையின் அரங்கு தீக்கிரையாகி 1998இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. எனினும் சபை கலையவில்லை. பொறுப்பு ஒருவர் தோளில் மட்டும் இல்லாததே அதற்குக் காரணம். செம்பூரிலும் இவ்வகைச் சபை மரபு வேரூன்றியது.

மாதுங்காவை அடுத்துள்ள தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் குடும்பங்கள் பல, ஏறத்தாழ 100 சதுர அடி அறைகளில் வாழ்ந்தன. உண்பதும் உறங்குவதும் தொழில் செய்வதும் படிப்பதும் ஓரிடத்திலேயே. அங்குக் கூடுவதற்கான களம் தெருவும் கோயில் முற்றமும்தான். தெருவில் வரிசையாகப் பொங்கல் பானை வைக்கும் அவ்வூருக்குக் கூடத் தெரியாது என எவரும் சொல்ல முடியாது. ஆனால் தெரு விழாவைத் தாங்கும். தாளும் பகடையும் தாழ்ந்த குரலும் வேண்டும் ஆட்டத்தை வாரந்தோறும் தாங்காது. தேநீரகத்தில் கூடலாம் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் செலவு. ஆட்களைச் சேர்ப்பதே சிக்கல் என்று சொல்லப்படும் இடத்தில், அவர்களை அமர வைப்பதே முதற்சிக்கலாகிறது.

தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்திற்கு 350 சதுர அடி வீடு என 2024இல் அறிவிக்கப்பட்டது. நூறிலிருந்து முந்நூற்றைம்பது சிறிய மாற்றமன்று. ஆயினும் குடும்பத்திற்கான அளவு அது. குடும்பத்திற்கு வெளியே, பயனேதுமின்றிச் சேர்ந்து கற்பனை செய்ய விரும்பும் இளையோருக்கு எத்தனை சதுர அடி என்பதும் வரலாற்றாய்வு கேட்க வேண்டிய கேள்வியே.