பறையின் நெருப்பும் கிதாரின் ஸ்பிரிங்கும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே பழைய எலெக்ட்ரிக் கிதார் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் போதும், ஆறு கம்பிகளும் சுருதி விலகிவிடும். "இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்க்கா, நமக்குப் பறையே போதும்" என்றான் ஒரு தம்பி. அந்தப் பேச்சுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது தோழர்களே.

அந்தக் கைப்பிடியின் பெயர் ட்ரெமோலோ. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரோடு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். அவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். பெயரைக்கூட மாற்றித்தான் வைத்தார். ட்ரெமோலோ என்பது ஒலியின் அளவு கூடிக் குறைவது. இந்தக் கைப்பிடி அசைப்பதோ சுருதியை. அதற்குப் பெயர் வைப்ரேட்டோ. ஆனாலும் 1956இல் காப்புரிமை கிடைத்தது.

வேலை செய்யும் விதம் எளிது. முன்பக்கம் கம்பிகள் ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் பிரிட்ஜை இழுக்கின்றன. முதுகுப்புற மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதை ஈடுகட்டித் திருப்பி இழுக்கின்றன. பிரிட்ஜின் பின்விளிம்பு சுமார் 3 மி.மீ. உயர்ந்து மிதக்க வேண்டும். கூடுதலாகத் தூக்கினால், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் இரு திருகுகளையும் கால் சுற்று முறுக்கி, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். ஒரு கம்பியை இறுக்கினால் மற்றவை தளரும். அதனால் நாலைந்து முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தால் கம்பி சிக்காது.

இப்போது பறையைப் பாருங்கள். ஈரக்காற்றில் தோல் தளரும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால் இறுகும். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பது கைக்கும் காதுக்கும்தான் தெரியும். கூடினால் தோல் கிழியும், குறைந்தால் ஒலி எழாது. இதுவும் இழுவிசையைச் சமன்செய்யும் அறிவுதான். ஆனால் ஒன்றுக்குத் தொழில்நுட்பம் என்று பெயர். மற்றொன்றுக்குச் சாதித் தொழில், சாவு மேளம் என்று பெயர். ஒருவருக்குக் காப்புரிமை தந்த அறிவு, இன்னொருவருக்குத் தீட்டாக எழுதப்பட்டது. உழைப்பிலிருந்து அறிவைப் பிரித்து எடுத்துவிட்டு, வெறும் உடலாக நம்மை நிறுத்துவதே சாதியின் வேலை.

கருவி யார் கைக்குப் போகிறது என்பதும் வரலாறுதான். 1969 ஆகஸ்ட் 18 அன்று வுட்ஸ்டாக் மேடையில் கறுப்பினக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், இதே கைப்பிடியை அழுத்தி, அமெரிக்க தேசிய கீதத்துக்குள் குண்டு விழும் ஓசையைக் கொண்டுவந்தார். அது வியட்நாம் போர்க்காலம். வலக்கைக் கிதாரைத் தலைகீழாக்கி இடக்கையால் வாசித்தவர் அவர். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் கிதாரும் பக்கம் பக்கமாக நின்றன.

எங்கள் கிதாரைச் சரிசெய்தது யார் தெரியுமா? ஸ்பின்னிங் மில்லில் நூலின் இழுவிசை பார்த்துப் பழகிய ஒரு தம்பி. "நூல் மாதிரிதான்க்கா, ரெண்டு பக்கமும் சமமா இழுக்கணும்" என்று சொல்லித் திருகை முறுக்கினான். பறை போதும் என்றவன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

பறையை விட்டுவிட்டுக் கிதாருக்குப் போகச் சொல்லவில்லை. இரண்டும் நம்முடையவை. இரண்டிலும் இருக்கும் அறிவும் நம்முடையது என்று உரக்கச் சொல்வோம்.